பிரிட்டிஷ் டிவி தொடர்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

"இப்ப என்ன பார்த்துட்டு இருக்கே?" என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பெயர்களில் பாதி, கேட்டவர் பிறப்பதற்கு முன்பே ஓடி முடிந்தவை. அதன் பிறகு வரும் சந்தேகங்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. ஆபீஸ் சாப்பாட்டு மேஜையிலும் குடும்ப வாட்ஸ்அப்பிலும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் கேட்டபடியே.

பிரிட்டிஷ் காமெடின்னா மிஸ்டர் பீன் தானே? அதைத் தாண்டி என்ன இருக்கு?

மிஸ்டர் பீன் ஊர் உலகமெல்லாம் பரவியதற்குக் காரணம், அதில் வசனம் கிட்டத்தட்ட இல்லை என்பது. 1990 ஜனவரி 1 அன்று ஐடிவியில் முதல் பகுதி வந்தது. மொத்தமே 15 பகுதிகள். வருடக்கணக்கில் பார்த்ததாக நாம் நினைப்பதெல்லாம் அந்தப் பதினைந்தின் மறு ஒளிபரப்பும், பின்னால் வந்த கார்ட்டூனும்.

பீனாக நடித்த அதே ரோவன் அட்கின்சன் அதற்கு முன்பே 'பிளாக்காடர்' தொடரில் நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறார். முகத்தைக் கோணமாட்டார், புருவத்தைக்கூட அநாவசியமாகத் தூக்கமாட்டார். எதிரே நிற்பவனை ஒரே வாக்கியத்தில் சுருட்டி மூலையில் போட்டுவிடுவார். பீனை மட்டும் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் "இவரா அவர்?" என்று கேட்பார்கள்.

சரி, ஒரே ஒரு தொடர் சொல்லுங்க. எதுல ஆரம்பிக்கலாம்?

'ஃபால்ட்டி டவர்ஸ்'. யோசிக்க வேண்டாம். இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்கீ என்ற கடலோர ஊர். அங்கே பேசில் ஃபால்ட்டி என்பவர் மனைவி சிபிலுடன் ஒரு ஓட்டல் நடத்துகிறார். விருந்தாளிகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஓட்டல் முதலாளிக்கு விருந்தாளிகள் பிடிக்காது என்பதுதான் மொத்தக் கதையும்.

இது வானத்திலிருந்து குதித்த கற்பனை அல்ல. 1970-இல் மான்ட்டி பைதன் என்ற காமெடிக் குழுவினர் படப்பிடிப்புக்காக டார்கீயில் ஒரு ஓட்டலில் தங்கினார்கள். ஒருவர் வைத்துவிட்டுப் போன பெட்டியில் வெடிகுண்டு இருக்குமோ என்று அதைக் கொண்டுபோய் மதிலுக்கு அப்பால் வைத்திருக்கிறார் முதலாளி. மற்றவர்கள் வேறு ஓட்டலுக்கு மாறிக்கொள்ள, குழுவில் ஒருவரான ஜான் க்ளீஸ் மட்டும் அங்கேயே தங்கி அந்த மனிதரை வேடிக்கை பார்த்தார். பிறகு மனைவி கானி பூத்துடன் சேர்ந்து அவரை பேசிலாக எழுதினார்.

எந்தப் பகுதி என்று கேட்டால், 1979-இல் வந்த புகைமீன் பகுதியைச் சொல்வேன். ராத்திரியே ஒரு விருந்தாளி படுக்கையில் இறந்துவிடுகிறார். காலையில் டிபன் தட்டோடு அறைக்குள் போகும் பேசில் அதைக் கவனிப்பதில்லை. நாட்டில் நடக்கும் வேலைநிறுத்தங்களைப் பற்றிப் புலம்பித் தீர்த்துவிட்டு, ஒரு நன்றிகூடச் சொல்லமாட்டேன் என்கிறானே என்று எரிச்சலோடு வெளியே வருகிறார். ஆள் செத்துவிட்டான் என்று தெரிந்ததும் அவருக்கு வரும் முதல் கவலை, தேதி கடந்த மீனைக் கொடுத்துவிட்டோமே என்பது. தடயத்தை மறைக்க மீனை ஸ்வெட்டருக்குள் சொருகிக்கொள்கிறார். உயிர் போய் பத்து மணி நேரம் ஆகிறது என்று டாக்டர் சொன்னதும் அந்த முகத்தில் வரும் பூரிப்பைப் பாருங்கள். இது பிடிக்கவில்லை என்றால் மீதிப் பதில்களைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ரெண்டு நாள்ல முடிஞ்சிடுச்சே! வெறும் 12 எபிசோடுதானா? நல்லா ஓடினதை யாராவது நிறுத்துவாங்களா?

1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. அவ்வளவுதான். பிரிட்டனில் ஒரு சீசன் என்றால் ஆறு பகுதிகள் என்பது வழக்கம். காரணம், பெரும்பாலும் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் பத்துப் பேர் ஒரு அறையில் கூடி வருடத்துக்கு இருபத்துச் சொச்சம் பகுதிகளை எழுதித் தள்ளுவார்கள். க்ளீஸும் பூத்தும் ஒரு பகுதிக்கே வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். முதல் சீசன் வந்தபோது கணவன் மனைவி; இரண்டாவது வந்தபோது விவாகரத்தே ஆகிவிட்டது. அப்போதும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். அதிலும் கடைசிப் பகுதி, பிபிசியில் நடந்த வேலைநிறுத்தத்தால் பல மாதம் தள்ளிப்போய் 1979 அக்டோபரில்தான் ஒளிபரப்பானது.

பணத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. பிபிசி, டிவி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில் ஓடுவது. விளம்பரம் கிடையாது. ஓடுகிற குதிரையை விடாமல் ஓட்டு என்று நெருக்க விளம்பரதாரர் இல்லை. எழுதுகிறவர் "தீர்ந்துவிட்டது" என்றால் தீர்ந்ததுதான்.

அந்தச் சிரிப்புச் சத்தம் எரிச்சலா இருக்கு. டேப்ல போடுறதுதானே அது?

பெரும்பாலும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நிஜமான ஜனங்கள் சிரித்தது. ஸ்டூடியோவில் ஒரு பக்கம் செட்டு, எதிரே வரிசையாக நாற்காலிகள். சபா நாடகத்தில் சிரிப்பு அடங்கட்டும் என்று நடிகர் அடுத்த வசனத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்பாரே, அதே கணக்கு. ஜோக்குக்கு முன்னும் பின்னும் நடிகர்கள் விடும் அரை வினாடி இடைவெளிகளைக் கவனித்தால் புரியும். வெளியிடங்களில் முன்பே எடுத்த காட்சிகளை அந்த ஜனங்களுக்கு டிவியில் போட்டுக் காட்டி, அவர்கள் சிரிப்பதைப் பதிவு செய்து சேர்ப்பார்கள்.

டேப் சிரிப்பு அமெரிக்காவில் அதிகம். கொரியப் போரில் ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கும் 'மேஷ்' என்ற அமெரிக்கத் தொடரை பிபிசி ஒளிபரப்பியபோது அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டே போட்டது. பின்னால் 1998-இல் 'தி ராயில் ஃபேமிலி', 2001-இல் 'தி ஆபீஸ்' வந்தபோது பிரிட்டிஷ்காரர்கள் பார்வையாளர்களையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சத்தம் தாங்காதவர்கள் அவற்றில் தொடங்கலாம்.

வீட்டுக்குள்ள ஒரு மாதிரி, தெருவுக்கு வந்தா மங்கலா வேற மாதிரி தெரியுதே. என் டிவி கோளாறா?

டிவி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குள் வீடியோ கேமரா, வெளியே போனால் 16 எம்எம் பிலிம். கதவைத் திறந்து வெளியே வரும் ஆள் ஒரு நொடியில் கொஞ்சம் பழுப்பாகிவிடுவார். நாலு பகுதி பார்த்தால் பழகிவிடும்.

இங்கிலீஷ் படங்கள் பார்ப்பேன். ஆனா இவங்க பேசுறது ஒண்ணுமே புரியலை. எனக்குத்தான் இங்கிலீஷ் போதாதோ?

சப்டைட்டிலைப் போடுங்கள், ஆங்கிலத்திலேயே. நானும் அப்படித்தான் பார்க்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லிவர்பூல் பேச்சு லண்டன்காரருக்கே தடுக்கும். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' தென் லண்டனின் பெக்கம் சந்தைப் பேச்சு. 'ஹேப்பி வேலி' யார்க்‌ஷயர் பேச்சு. காது பழக 'எஸ் மினிஸ்டர்' நல்ல தொடக்கம்: படித்த அதிகாரிகளின் நிறுத்தி நிதானமான உச்சரிப்பு. அதில் வாக்கியம் புரியாவிட்டால் உங்கள் தப்பில்லை. அமைச்சருக்குப் புரியக் கூடாது என்றே அப்படிப் பேசுகிறார்கள்.

இவங்க ஹீரோ யாருமே உருப்படவே மாட்டாங்களா? பார்க்கிறப்ப பாவமா இருக்கு.

மாட்டார்கள். இந்தத் தொடர்களை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அதற்காகத்தான். பேசில், தான் பெரிய இடத்து மனிதன் என்று நினைக்கும் சின்ன ஊர் ஓட்டல்காரர். 'டாட்ஸ் ஆர்மி'யின் கேப்டன் மேன்னரிங், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிழவர்களையும் பொடியன்களையும் வைத்துக்கொண்டு ஹிட்லரைத் தடுக்கக் காத்திருக்கும் பேங்க் மேனேஜர். 'தி ஆபீஸ்' டேவிட் பிரெண்ட், தன்னைத் தன் ஊழியர்கள் கொண்டாடுகிறார்கள் என்று நம்பும் மேனேஜர். எல்லோருக்கும் ஒரே வியாதி: தாங்கள் யார் என்பது அவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிரியமானவர் 'ஒன்லி ஃபூல்ஸ்' டெல் பாய். பெக்கம் சந்தையில் சூட்கேஸில் சரக்கை வைத்து விற்றுக்கொண்டே, அடுத்த வருஷம் இந்நேரம் கோடீஸ்வரன் என்று தம்பி ராட்னியிடம் சொல்லிக்கொண்டிருப்பவர். 1982-இல் வந்த சரவிளக்குக் காட்சி ஒன்று போதும். மாளிகையில் விலையுயர்ந்த இரண்டு சரவிளக்குகளைச் சுத்தம் செய்ய ஒப்புக்கொள்கிறார்கள். கீழே டெல்லும் ராட்னியும் ஏணிகளில் ஏறி, ஒரு விளக்குக்கு அடியில் துணியை விரித்துப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேல் மாடியில் தாத்தா தரைப் பலகைக்குக் கீழே திருகாணியைக் கழற்றுகிறார். கழற்றியது அடுத்த விளக்கின் திருகாணியை.

அவர்களுக்கும் ஒரு முறை விடிந்தது. 1996 கிறிஸ்துமஸ் வாரத்தில் கராஜில் கிடந்த பழைய கடிகாரம் ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போகிறது. அந்தப் பகுதியை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். 2001-இல் திரும்பி வந்து அத்தனை பணத்தையும் தொலைக்க வைத்தார்கள், எனக்கு அது இன்னும் கோபம்தான். ஒரு உபரித் தகவல்: டெல் பாயின் மஞ்சள் வண்டியும், மிஸ்டர் பீன் போகிற இடமெல்லாம் கவிழ்த்துவிடும் நீல வண்டியும் ரிலையன்ட் கம்பெனியின் மூன்று சக்கர வண்டிகள்.

எஸ் மினிஸ்டரை ஆஹா ஓஹோங்கறாங்க. அந்த ஊர் அரசியல் தெரியாம எனக்கு எப்படிப் புரியும்?

தாசில்தார் ஆபீஸ் பக்கம் ஒரு முறை போயிருந்தால் போதும். ஜிம் ஹேக்கர், புதிதாக வந்த அமைச்சர். சர் ஹம்ப்ரி ஆப்பிள்பி, அவருக்குக் கீழே இருக்கும் துறைச் செயலாளர்; கீழே என்பது பேருக்கு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் தனிச் செயலர் பெர்னார்ட். ஆண்டனி ஜேயும் ஜொனாதன் லின்னும் எழுதியது. 1980 முதல் 1988 வரை, பாதியில் ஹேக்கர் பிரதமராகிவிடுவதையும் சேர்த்து, மொத்தம் 38 பகுதிகள். எந்தக் கட்சி என்று ஒரு இடத்திலும் சொல்லமாட்டார்கள்.

1981-இல் வந்த ஆஸ்பத்திரிப் பகுதியைத்தான் எல்லோருக்கும் காட்டுகிறேன். புத்தம் புது ஆஸ்பத்திரி. நிர்வாக ஊழியர்கள் 500 பேர். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, நோயாளி ஒருவர்கூட இல்லை. ஹேக்கர் அதிர்ந்துபோய்க் கேட்டால், அந்த வட்டாரத்திலேயே மிகச் சிறப்பாக நடக்கும் ஆஸ்பத்திரி இது, சுகாதாரத்துக்கான விருதுக்குக்கூடப் பரிசீலனையில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நோயாளி வந்தால் இதெல்லாம் கெட்டுவிடும் அல்லவா?

மார்கரெட் தாட்சருக்கு இந்தத் தொடர் உயிர். பிரதமராக இருக்கும்போதே, 1984-இல் ஒரு விருது விழாவில், பொருளாதார நிபுணர்களை ஒழிப்பது பற்றிய குட்டி நாடகத்தில் ஹேக்கராகவும் ஹம்ப்ரியாகவும் வந்த நடிகர்களோடு நடித்தார். நடிகர்களுக்கு அதில் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

காமெடி போதும். அழுத்தமான டிராமா எதாவது?

மூன்று சொல்கிறேன், மூன்றும் சிறியவை. 'பாய்ஸ் ஃப்ரம் த பிளாக்ஸ்டஃப்' (1982), ஐந்து பகுதிகள், ஆலன் பிளீஸ்டேல் எழுதியது. நாட்டில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தொட்ட காலம். லிவர்பூலில் தார் போடும் கூலிகள் வேலையிழந்து அலைகிறார்கள். யாஸர் என்பவன் மூன்று பிள்ளைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டு, எதிர்ப்படும் ஆளிடமெல்லாம் அந்த வேலையைத் தனக்குக் கொடு என்று கேட்கிறான். முதல் தடவை சிரிப்பு வரும். பிறகு வராது.

'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' (1990), நான்கு பகுதிகள். அமெரிக்கத் தொடருக்கு மூலம் இது, அதைவிடக் கூர்மையானது. முதல் காட்சியில் ஆளும் கட்சிக் கொறடா தாட்சரின் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைக்கிறார். அது ஒளிபரப்பானது 1990 நவம்பர் 18. நான்கே நாளில், நவம்பர் 22 அன்று, தாட்சர் பதவி விலகுவதாக அறிவித்தார். இந்தப் பொருத்தத்தை எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாது.

'ஹேப்பி வேலி', சாலி வெயின்ரைட் எழுதியது. 2014, 2016, 2023 என மூன்று சீசன், ஆறு ஆறாகப் பதினெட்டு. மேலே சொன்ன ஆறு கணக்கு இங்கேயும் வருகிறது பாருங்கள். சாரா லங்காஷயர் நடிக்கும் போலீஸ் சார்ஜென்ட் போல களைத்த, கோபக்கார, நம்பத்தகுந்த பாத்திரத்தை டிவியில் அதிகம் பார்த்ததில்லை.

அப்ப அங்கெல்லாம் நம்ம மெகா சீரியல் மாதிரி இழுக்கிறதே கிடையாதா?

நன்றாகக் கேட்டீர்கள். 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பர் 9-இல் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் சீரியல் எதுவும் அதன் பக்கத்தில் வர முடியாது. 1985-இல் தொடங்கிய 'ஈஸ்ட்எண்டர்ஸ்' அதற்கு பிபிசியின் பதில். தெரு, பார், குடும்பச் சண்டை, மறைத்து வைத்த அப்பா யார் என்ற கேள்வி, எல்லாம் உண்டு. எனக்கு அதில் பொறுமை இல்லை. ரசிப்பவர்களோடு சண்டையும் இல்லை.

இந்தியர்களைக் கிண்டல் பண்ணின தொடர்களும் இருக்கே. அதை எப்படிச் சிரிச்சுக்கிட்டே பார்க்கிறீங்க?

எல்லாவற்றையும் பார்த்துச் சிரிப்பதில்லை. 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' (1977–79) நம் ஆட்கள் பலர் ஆசையாகச் சொல்லும் தொடர். வெளிநாட்டுக்காரர்கள் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறார்கள், ஒவ்வொருவரும் தப்பாகப் பேசுகிறார்கள், அதுவே ஜோக். ஒரே மாதிரியான நாட்டுக்கேலி என்று அப்போதே அதை ஒளிபரப்பிய சேனலின் அதிகாரியே நிறுத்தினார். இதை ஒட்டி இந்தியில் தூர்தர்ஷன் 1993-இல் 'ஜபான் சம்பால்கே' எடுத்தது வேறு கதை. 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' இன்னும் சிக்கல்: நாசிக் பக்கத்துத் தேவ்லாலியில் பிரிட்டிஷ் ராணுவ முகாமில் நடப்பது, இந்திய வேலைக்காரராக முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரர் மைக்கேல் பேட்ஸ். அவர் ஜான்சியில் பிறந்தவர், மொழியும் தெரிந்தவர். இருந்தாலும் சாயம் சாயம்தான். பிபிசியே அதை மறு ஒளிபரப்பு செய்வதில்லை.

ஃபால்ட்டி டவர்ஸிலும் ஒரு கிழட்டு மேஜர் இந்தியர்களையும் மேற்கிந்தியத் தீவினரையும் பற்றிக் கேவலமாகப் பேசும் இடம் உண்டு. அதற்காக அந்தப் பகுதியை 2020 ஜூனில் ஒரு தளம் தூக்கி, எச்சரிக்கை வாசகத்தோடு சில நாளில் திரும்பப் போட்டது. அங்கே கேலிக்கு ஆளாவது மேஜர்தான் என்பது என் கட்சி. ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. 1960-களின் 'டில் டெத் அஸ் டு பார்ட்' தொடரில் ஆல்ஃப் கார்னெட் என்ற இனவெறிக்காரரை ஜானி ஸ்பைட் மட்டம் தட்டத்தான் எழுதினார். பார்த்தவர்களில் ஒரு கூட்டம் "சரியாச் சொன்னான்" என்று ஆல்ஃபுக்கே கைதட்டியது. எழுதியவன் எண்ணம் எதுவாக இருந்தாலும் சிரிப்பு எந்தப் பக்கம் போகும் என்று அவன் கையில் இல்லை.

பதிலடி பார்க்க ஆசை என்றால் 1998-இல் டிவிக்கு வந்த 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. இந்திய ஓட்டல்களில் வெள்ளைக்காரர்கள் செய்யும் அட்டகாசத்தைத் தலைகீழாக்கி, இந்தியர்கள் கூட்டமாக ஒரு 'இங்கிலீஷ் சாப்பாட்டுக் கடை'க்குப் போய், குடித்த மப்பில் சர்வரைச் சீண்டிக்கொண்டே, மெனுவில் இருப்பதிலேயே சப்பென்று இருப்பது எது என்று கேட்பார்கள்.

தமிழ் ஆட்கள் யாராவது உண்டா?

ரோமேஷ் ரங்கநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்து மேடைக்கு வந்தவர். 2015-இல் 'ஏஷியன் ப்ரொவோகேட்டர்' நிகழ்ச்சிக்காக இலங்கைக்குப் போய், வேர் தேடுகிறேன் பேர்வழி என்று சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு முழிப்பார். அதில் அவரைவிட அவருடைய அம்மாவுக்குத்தான் ரசிகர்கள் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம்.

டாட்ஸ் ஆர்மியில் சில எபிசோடு எங்க தேடியும் கிடைக்கலையே?

பிபிசியிடமே இல்லை. அன்று வீடியோ டேப் விலை அதிகம். பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவு செய்வார்கள். யூனியன் ஒப்பந்தப்படி இத்தனை முறைதான் மறு ஒளிபரப்பு என்ற கட்டுப்பாடும் இருந்ததால், வைத்திருந்து என்ன பயன் என்ற எண்ணம். 1969-இன் இரண்டாம் சீசனில் ஐந்து பகுதிகள் இப்படித்தான் போயின. 2001-இல் இரண்டு பகுதிகள் கிடைத்தன, மூன்று இன்னும் காணோம். அந்த மூன்றையும் 2019-இல் பழைய ஸ்கிரிப்டை வைத்துப் புது நடிகர்களோடு எடுத்தார்கள்.

பிள்ளைகளோட பார்க்கலாமா?

மிஸ்டர் பீன், டாட்ஸ் ஆர்மி, தாராளமாக. மற்றதை நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். ஹேப்பி வேலி வேண்டவே வேண்டாம்.

பிளாக்காடர் கடைசி எபிசோடைப் பார்த்துட்டு என் பொண்ணு அழுதுட்டா. காமெடின்னு சொன்னீங்களே?

காமெடிதான். நான்காவது சீசன் 1917-இல், முதல் உலகப் போரின் பதுங்குகுழியில். கடைசிப் பகுதியில் பிளாக்காடர் தலையில் ஜட்டியை மாட்டி, மூக்கில் பென்சில்களைச் செருகி, பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார். நடக்கவில்லை. விசில் ஊதியதும் எல்லோரும் மேலே ஏறி எதிரியின் துப்பாக்கிகளை நோக்கி ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தை எடுத்தபோது செட்டு சரியாக அமையாமல் காட்சி மட்டமாக வந்ததாம். எடிட்டிங் அறையில் அதை மெதுவாக்கி, சத்தத்தைக் குறைத்து, பாப்பிப் பூக்கள் நிறைந்த வயலாகக் கரைத்தார்கள். 1989 நவம்பர் 2 ஒளிபரப்பு.

அழுகைக்கு நடுவே சிரிப்பு வேண்டும் என்றால் ஒன்லி ஃபூல்ஸுக்கு வாருங்கள். சரவிளக்குத் தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே காலமானார். ஆளை மாற்றாமல், தொடருக்குள்ளேயே தாத்தாவுக்கு இறுதிச் சடங்கு வைத்தார் எழுத்தாளர் ஜான் சல்லிவன். டெல் பாய் கண் கலங்கி, தாத்தாவின் தொப்பியைக் குழிக்குள் போடுகிறார். மண்ணைத் தள்ளிய பிறகு தெரிகிறது, அது பாதிரியாருடைய தொப்பி.

இதையெல்லாம் தமிழ்ல எடுத்தா பிச்சுக்கிட்டு ஓடாதா?

எஸ் மினிஸ்டரை 2001-இல் இந்தியில் 'ஜீ மந்திரிஜி' என்று எடுத்தார்கள், ஃபாரூக் ஷேக் அமைச்சர். ஃபைல் எங்கே போனாலும் ஃபைல்தான் என்பதால் அது பொருந்தியது. ஃபால்ட்டி டவர்ஸை அமெரிக்கர்கள் மூன்று முறை முயன்று மூன்று முறையும் கவிழ்ந்தார்கள். 1983-இல் ஒரு தடவை பேசில் பாத்திரத்தையே தூக்கிவிட்டு எடுத்தார்கள். அப்புறம் எங்கே உருப்படும்?

தமிழுக்கு ஓட்டல் வேண்டாம், கல்யாண மண்டப மேனேஜர் போதும். பெண் வீடும் பிடிக்காது, மாப்பிள்ளை வீடும் பிடிக்காது, சமையல் காண்ட்ராக்டரோடு தீராப் பகை. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு பார்ட்டியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டதை முதல் நாள் ராத்திரிதான் கவனிக்கிறார். ஆறு எபிசோடுக்கு மேல் தரமாட்டேன். சேனல்காரர்கள் ஐந்நூறு கேட்டால் மேலே மூன்றாவது பதிலைப் படிக்கச் சொல்லுங்கள்.